சட்டம் படிக்காதவர் குடும்பச் சட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சமூகப்பணியில் இளங்கலை முடித்திருக்கிறேன். குடும்பச் சட்டமும் கொள்கையும் என்ற ஓராண்டு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க இன்னும் ஆறு வாரம். சட்டத்தை ஒரு பாடமாகக்கூடப் படித்ததில்லை. பாடநூலைப் புரட்டினால் பிரிவு எண்களும் வழக்குப் பெயர்களும் மிரட்டுகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? ஆய்வேட்டுக்கு ‘விவாகரத்து குழந்தைகளைப் பாதிக்கும் விதம்’ என்ற தலைப்பை நினைத்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது என் பெற்றோர் பிரிந்தார்கள். அது இந்தப் படிப்புக்கு உதவியா, தடையா?
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனப்பாடக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். வரிச் சட்டத்தில் விதி தெரிந்தால் பாதி விடை கைக்கு வந்துவிடும். குடும்பச் சட்டத்தில் விதி சிறியது. அதைக் கையாள நீதிபதிக்குத் தரப்பட்டிருக்கும் விருப்புரிமை பெரியது. ‘குழந்தையின் நலன்’ என்று சட்டம் இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறது. இந்தக் குழந்தை யாரோடு இருக்கும், எந்த ஊரில், வாரத்தில் எத்தனை நாள் என்பதையெல்லாம் நீதிபதிதான் முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் படிக்கப்போவது அந்த விருப்புரிமையை. அதன் எல்லை எது? எந்த விவரம் அதை எந்தப் பக்கம் சாய்க்கிறது? முடிவு பிசகினால் சுமை யார் தலையில் விழுகிறது? முதல் இரண்டும் சட்டக் கேள்விகள், மூன்றாவது கொள்கைக் கேள்வி. மூன்றாவதைச் சமூகப்பணியில் ஏற்கெனவே பழகியிருப்பீர்கள். ஆறு வாரத்தை முதல் இரண்டுக்குச் செலவிடுங்கள்.

சட்டப் பிரிவை அதன் சொந்தச் சொற்களில் படிக்கப் பழகுவதுதான் முதல் வேலை. சட்டம் படிக்காமல் வருபவர்கள் பாடநூலின் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். ஒரு எடுத்துக்காட்டு: இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு. மகனுக்கும் மணமாகாத மகளுக்கும் இயற்கைக் காப்பாளர் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்கிறது. கூடவே, ஐந்து வயது நிறையாத குழந்தை ‘சாதாரணமாக’ தாயின் பொறுப்பில் இருக்கும் என்ற வரம்புரையும் உண்டு. நாலு வரிதான். அதற்குள் மூன்று பாடம் இருக்கிறது. காப்பாளர் என்பது வேறு, குழந்தையைத் தன்னிடம் வைத்திருக்கும் பொறுப்பு வேறு. ஒரே பிரிவு இரண்டையும் பிரித்துப் பேசுகிறது. ‘சாதாரணமாக’ என்ற சொல் நீதிபதிக்குத் திறந்துவிட்ட வாசல். ‘பின்’ என்றால் என்ன? தந்தை இறந்த பின்பா? 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அந்தச் சொல்லைத் ‘தந்தை இல்லாத நிலையில்’ என்று படிக்கலாம் என்றது. தந்தை உயிரோடு இருந்தும் குழந்தையைக் கவனிக்காத, கவனிக்க இயலாத சூழலும் அதில் அடங்கும். ‘பின்’ என்ற ஒரே சொல்லில் தாயின் சட்டநிலை மாறியது. சட்டத்தின் வரியை நீக்காமல் அர்த்தத்தை மட்டும் விரித்தது ஏன், அதனால் தீர்ந்தது எது, தீராமல் நின்றது எது என்று கேட்டால் கொள்கைக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் இந்த வரிசையில் போங்கள்: யாருக்குப் பொருந்தும், எப்போதிலிருந்து நடைமுறை, வரையறைகள், பிறகு முக்கியப் பிரிவு, அதன் வரம்புரைகள், கடைசியாகத் திருத்தங்கள். திருத்த நாளைப் பார்க்காமல் பழைய வாசகத்தை மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. ‘வேண்டும்’ என்கிறதா, ‘செய்யலாம்’ என்கிறதா என்பதைக் கோடிடுங்கள். சொல்லின் எடையையும் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, குழந்தையின் நலன் முதன்மைப் பரிசீலனைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் இங்கிலாந்து இயற்றிய குழந்தைகள் சட்டமோ, குழந்தை வளர்ப்பு குறித்த வழக்குகளில் அது எல்லாவற்றுக்கும் மேலான பரிசீலனை என்கிறது. முன்னதில் மற்ற நலன்களையும் தராசில் வைக்க இடமுண்டு, பின்னதில் அந்த இடம் மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாக்கி ‘குழந்தை நலனே முக்கியம்’ என்று எழுதும் கட்டுரை, சட்டத்தின் பாதியைத் தொலைத்துவிடுகிறது.

அடுத்தது தீர்ப்பு வாசிப்பு. வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் முழுதாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: யார் என்ன கேட்டார், கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது, மேல்முறையீட்டில் முடிவு செய்ய வேண்டியிருந்த ஒரே கேள்வி என்ன, அதற்கு விடையும் காரணமும், மாறுபட்ட கருத்து. ஆறாவதாக, ‘இதை எங்களால் செய்ய முடியாது’ என்று நீதிமன்றம் சொன்ன இடம். இந்த ஆறாவது வரியைப் பெரும்பாலான மாணவர்கள் எழுதுவதில்லை. உங்கள் படிப்புக்கு அதுதான் உயிர், ஏனென்றால் நீதிமன்றத்தின் கை எட்டாத இடத்தில்தான் சட்டமன்றத்தின் வேலை தொடங்குகிறது.

2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓவன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணவாழ்வு மீளமுடியாமல் முறிந்ததுதான் விவாகரத்துக்கு ஒரே காரணம். ஆனால் அதைக் காட்ட ஐந்து சூழல்களில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். மனைவி, கணவரின் நடத்தையைக் காட்டினார். மணவாழ்வு முறிந்துவிட்டது என்பதை விசாரணை நீதிபதியே ஏற்றுக்கொண்டார். ஆனால் காட்டிய நடத்தை போதாது என்று மறுத்தார். உச்ச நீதிமன்றமும் மனமில்லாமல் அதை உறுதி செய்து, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஐந்து ஆண்டு பிரிந்து வாழ்ந்த பிறகே அவர் விவாகரத்து கேட்க முடியும் என்ற நிலை. அடுத்து வந்தது 2020ஆம் ஆண்டுச் சட்டம். 2022 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது குற்றம் சாட்ட வேண்டாம், முறிந்தது என்ற அறிவிப்பே போதும். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து நிபந்தனை ஆணைக்கு (விவாகரத்துக்குத் தடையில்லை என்னும் முதல்கட்ட ஆணை) 20 வாரமும், அதிலிருந்து இறுதி ஆணைக்கு 6 வாரமும் காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் தோல்வி நாட்டின் சட்டமாக மாறிய பாதை இது. 

இந்தியச் சங்கிலி ஒன்றையும் இதே போல் நீங்களே வரைந்து பாருங்கள்: விவாகரத்தான முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றிய 1985இன் ஷா பானு தீர்ப்பு, அதைத் தொடர்ந்த 1986ஆம் ஆண்டுச் சட்டம், அச்சட்டத்தை நிலைநிறுத்திக்கொண்டே அதன் பொருளை விரித்த 2001இன் டேனியல் லத்தீஃபி தீர்ப்பு. நீதிமன்றமும் சட்டமன்றமும் மாறி மாறிப் பேசிக்கொள்வது அதில் பளிச்சென்று தெரியும்.

இனி கொள்கை. சமூகப்பணியிலிருந்து வருபவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது: நல்ல நோக்கமுள்ள சட்டத்தை நல்ல சட்டம் என்று எழுதிவிடுவது. ஆஸ்திரேலியாவின் கதை இதற்கு மருந்து. 2006இல் அங்கே குடும்பச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் இருவருக்கும் சமமான கூட்டுப் பொறுப்பு என்ற அனுமானத்தை, அதாவது மாறாகக் காட்டும்வரை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டிய தொடக்க நிலையை, கொண்டுவந்தார்கள். பிரிந்த பிறகும் தந்தை குழந்தையின் வாழ்க்கையில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். சட்டம் பேசியது பொறுப்பைப் பற்றி, அதாவது பள்ளி, மருத்துவம் போன்ற நீண்டகால முடிவுகளைச் சேர்ந்து எடுப்பதைப் பற்றி. ஆனால் பெற்றோர் பலர் அதை ‘நேரத்தில் சரிபாதி என் உரிமை’ என்று கேட்டுக்கொண்டார்கள். குடும்ப வன்முறை இருந்தால் அனுமானம் பொருந்தாது என்று சட்டமே சொல்லியிருந்தது. நீதிமன்றத்துக்குப் போகாமல் மேசையில் பேசி முடிப்பவர்களுக்கு அந்த விதிவிலக்கு காதில் விழாது. ‘பாதி’ என்ற சொல் மட்டும் விழும். 2019இல் ஆஸ்திரேலியச் சட்டச் சீர்திருத்த ஆணையம் மாற்றங்களைப் பரிந்துரைத்தது. 2023இல் திருத்தம் நிறைவேறி, 2024 மே 6 முதல் அந்த அனுமானம் நீக்கப்பட்டது.

ஆகவே எந்தச் சட்டத்தையும் இரண்டு முறை படியுங்கள்: வழக்கறிஞர் படிப்பது போல் ஒரு முறை, அதைப் பற்றி உறவினர் வாயிலாகக் கேள்விப்படும் தாயோ தந்தையோ புரிந்துகொள்வது போல் ஒரு முறை. பிரிபவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பு வரை போவதில்லை, பேசித்தான் முடிக்கிறார்கள். அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் ராபர்ட் மினூக்கின், லூயிஸ் கார்ன்ஹவுசர் இருவரும் 1979இல் காட்டியது இதைத்தான்: நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும் என்ற கணிப்பு, அந்தப் பேச்சில் இரு தரப்பின் பேர வலிமையையும் நிர்ணயிக்கிறது. கணிப்பு தவறானால் பேரமும் தவறாகும்.

எண் வரும் இடத்தில் கணக்கைப் போட்டே பாருங்கள். பிரிட்டனில் குழந்தைப் பராமரிப்புத் தொகையை ஒரு வாய்ப்பாடு தீர்மானிக்கிறது. தொகை தர வேண்டிய பெற்றோரின் வார மொத்த வருமானம் 200 முதல் 800 பவுண்டு வரை இருந்தால், ஒரு குழந்தைக்கு அதில் 12 சதவீதம், இரண்டு என்றால் 16, மூன்றும் மேலும் என்றால் 19. குழந்தை ஆண்டில் 52 முதல் 103 இரவுகள் அவரிடம் தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு கழியும். 104 முதல் 155 என்றால் ஏழில் இரண்டு. வாரம் 500 பவுண்டு ஈட்டுபவருக்கு ஒரு குழந்தைக்கு 60 பவுண்டு வரும். 103 இரவு தங்கினால் அவர் தருவது சுமார் 51.43, 104 இரவு தங்கினால் சுமார் 42.86. ஒரே ஒரு இரவு, ஆண்டுக்கு ஏறக்குறைய 446 பவுண்டு வித்தியாசம். குழந்தையைப் பார்க்கும் நேரத்தைப் பேசும் இடத்தில் பணம் எப்படிப் புகுந்துகொள்கிறது என்பதை இந்தக் கணக்கு எந்த விளக்கவுரையையும்விடத் தெளிவாகக் காட்டும். படிநிலை இல்லாமல் வைத்தால் என்ன ஆகும், இரவுக்குப் பதில் செலவைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அதிலேயே ஒரு கட்டுரை இருக்கிறது.

மற்றவர்கள் தரும் எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் 1970 தொடக்கம் முதல் குற்றம் சாட்டாத விவாகரத்து நடைமுறைக்கு வந்தது. அந்த முறையில் விவாகரத்தான பிறகு பெண்களின் வாழ்க்கைத்தரம் 73 சதவீதம் சரிந்தது, ஆண்களுடையது 42 சதவீதம் உயர்ந்தது என்று 1985இல் சமூகவியலாளர் லெனோர் வைட்ஸ்மன் வெளியிட்டார். அந்த எண்கள் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. 1996இல் ரிச்சர்ட் பீட்டர்சன் அதே தரவை மீண்டும் கணக்கிட்டபோது கிடைத்தது 27 சதவீதச் சரிவு, 10 சதவீத உயர்வு. பெண்கள் இழந்தார்கள் என்பது உண்மை. எவ்வளவு என்பது பெரிய தவறு. கொள்கைக் கட்டுரையில் ஒரு சதவீதத்தை எழுதுமுன், அது யாரை யாரோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டில், எத்தனை பேரிடம் எடுத்தது என்ற மூன்றையும் மூல ஆய்விலேயே பாருங்கள்.

தேர்வில் கதை போல் ஒரு குடும்பச் சிக்கலைக் கொடுத்து ஆலோசனை கேட்பார்கள். அதில் வரிசை முக்கியம். முதலில் பாதுகாப்பு: வன்முறையோ குழந்தையைக் கொண்டுபோய்விடும் அச்சமோ இருந்தால் அவசரப் பாதுகாப்பு ஆணை. பிறகு அதிகார வரம்பு: எந்த நாட்டு நீதிமன்றம், எந்தச் சட்டம். மூன்றாவது, திருமணம் சட்டப்படி செல்லுமா. அதன் பின் குழந்தை, இடைக்காலச் செலவு, சொத்து. பலர் நேராகச் சொத்துக்குப் பாய்ந்துவிட்டு, கேள்வியின் இரண்டாவது வரியில் இருக்கும் ‘தாய் ஆறு மாதமாகக் குழந்தையோடு வேறு நாட்டில்’ என்பதை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரி, நாடு விட்டு நாடு குழந்தையைக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இழுத்து வருகிறது: 16 வயதுக்குட்பட்ட குழந்தை வழக்கமாக வசித்த நாடு எது, மறுபெற்றோரின் உரிமையை மீறிக் கொண்டுபோனதா, ஓராண்டு கடந்ததா, திருப்பி அனுப்பினால் கடுமையான ஆபத்து உண்டா. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த வழக்கு முடிவு செய்யாது. எந்த நாடு அதை முடிவு செய்யும் என்பதோடு நிற்கும். இலங்கையும் சிங்கப்பூரும் இதில் உறுப்பு நாடுகள், இந்தியா இல்லை. ஆகவே இரு நாடும் உறுப்பா என்பதுதான் முதல் சோதனை. இதற்கான தீர்ப்புகளை ஹேக் மாநாட்டு அமைப்பே ‘இன்காடாட்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் தொகுத்து வைத்திருக்கிறது.

இந்த முதுகலைப் பட்டம் மட்டும் பொதுவாக வழக்காடும் உரிமை தராது. அந்த எண்ணம் இருந்தால் உங்கள் நாட்டு வழக்கறிஞர் மன்றத்தின் விதியை இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஆய்வேட்டுத் தலைப்புக்கு வருகிறேன். ‘விவாகரத்து குழந்தைகளைப் பாதிக்கும் விதம்’ ஓராண்டில் தூக்க முடியாத பாரம். ஒரு குழந்தையின் துயரத்துக்குக் காரணம் பிரிவா, பிரிவுக்கு முன்பு வீட்டில் நடந்த சண்டையா, வருமானம் குறைந்ததா, பள்ளி மாறியதா என்பதைப் பிரிக்க, ஆண்டுக்கணக்கில் அதே குழந்தைகளைத் தொடர்ந்த தரவு வேண்டும். குழந்தைகளை நேர்காண்பதற்கு ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி கிடைக்கவே மாதங்கள் ஓடிவிடும். குடும்ப நீதிமன்ற விசாரணைகள் பல நாடுகளில் மூடிய அறையில் நடப்பவை, கோப்பும் எளிதில் கிடைக்காது.

உங்கள் ஆர்வத்தை விடாமல் தலைப்பைச் சுருக்கலாம். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன் கருத்தை உருவாக்கிக்கொள்ள முடிந்த குழந்தையை, அதைப் பாதிக்கும் வழக்கில் நேரடியாகவோ பிரதிநிதி வழியாகவோ கேட்க வேண்டும்; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப எடை தர வேண்டும் என்கிறது. குறைந்தபட்ச வயது எதையும் அது வைக்கவில்லை. ‘ஒரு குறிப்பிட்ட உயர் நீதிமன்றம் ஐந்து ஆண்டுகளில் குழந்தையின் விருப்பத்தை எப்படிக் கேட்டறிந்தது, எப்போது அதை மீறியது’ என்று கேளுங்கள். வெளியான தீர்ப்புகளே போதும். நாற்பது தீர்ப்புகள் ஒரு ஆளுக்குச் சரியான அளவு. ஒரு அட்டவணை: குழந்தையின் வயது, யார் கேட்டார், எங்கே கேட்டார், என்ன சொன்னது, நீதிபதி தந்த காரணம், முடிவு விருப்பத்தோடு ஒத்ததா, வன்முறைக் குற்றச்சாட்டு இருந்ததா. முதலில் ஐந்து தீர்ப்புகளில் அட்டவணையைச் சோதியுங்கள். எந்தக் கட்டத்தை நிரப்பத் தடுமாறுகிறீர்களோ அதன் வரையறையைத் திருத்திவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். நடுவில் வரையறையை மாற்றினால் பழையவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டிவரும். மேல்முறையீடு வரை வந்த, வெளியிடப்பட்ட வழக்குகள் மட்டுமே உங்கள் கையில் இருப்பவை, பேசி முடித்த குடும்பங்கள் அதில் இல்லை. இதை முறையியல் அத்தியாயத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். தேர்வாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பெற்றோரின் பிரிவு பற்றிக் கேட்டீர்கள். அது தடை இல்லை. பன்னிரண்டு வயதில் தன்னைக் கேட்டார்களா, கேட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லையா என்பதை உள்ளிருந்து அறிந்தவர் நீங்கள். தீர்ப்பில் ‘குழந்தையோடு பேசினேன்’ என்ற ஒற்றை வரி வரும்போது, அந்த அறையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றும் கேள்வி மற்றவர்களுக்குத் தோன்றாமல் போகலாம். ஆனால் அந்த அனுபவம் நாற்பது தீர்ப்புகளையும் ஒரே பக்கம் சாய்த்துவிடும் வாய்ப்பும் உண்டு. தரவைத் தொடுமுன் ஒரு பக்கத்தில், என்ன கண்டுபிடிப்பேன் என்று நினைக்கிறேன், தாய் தந்தையரில் யார் மீது எனக்குக் கோபம் என்று நாள் குறிப்பிட்டு எழுதி வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். நிரப்பிய தீர்ப்புகளில் ஆறேழை வகுப்புத் தோழி ஒருவரிடம் கொடுத்து, உங்கள் விடையைக் காட்டாமல் அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே நீங்கள் முன்பு எழுதி வைத்த அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் குடும்பத்தின் வழக்குக் கோப்பை ஆய்வுக்குத் தொடாதீர்கள், பெற்றோரை நேர்காணவும் வேண்டாம். வகுப்பில் சொந்தக் கதையைச் சொல்ல யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சொன்னால்தான் மதிப்பு என்றும் இல்லை. நெறியாளரிடம் மட்டும் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பாடத்திட்டம் வந்ததும் குடும்ப வன்முறை, குழந்தை மீதான கொடுமை பற்றிய வாரங்கள் எவை என்று குறித்துக்கொண்டு, அந்த வாரங்களில் வேறு பெரிய வேலையை வைக்காமல் இருங்கள். அந்தத் தீர்ப்புகளைப் பகலில் படியுங்கள், இரவில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். தூக்கம் கெட்டால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் அந்த வாரமே போங்கள், தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.